நகரம் வளரட்டும், நம் ஏரியும் வயலும் இருக்கட்டும்!

(வட்ட மாநாட்டில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. கிராமக் கூட்டங்களில் வாசிப்பதற்காக இந்தத் துண்டுப் பிரசுரத்தில் அப்படியே தரப்படுகிறது.)



வழக்கமாக நாம் மாநாட்டில் நெல் விலை பேசுவோம். உரம் கிடைக்காததைப் பேசுவோம். கொள்முதல் நிலையத்தில் மூட்டை மழையில் நனைந்ததைப் பேசுவோம். இன்றைக்கும் அதெல்லாம் தீர்மானத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. இன்னும் இருபது வருஷம் கழித்து நெல் விலை கேட்க இந்தப் பக்கத்தில் நெல் போடுகிறவன் இருப்பானா? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

நகரம் எவ்வளவு வேகமாக வளருது?

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 6 கோடியே 24 லட்சம். அதில் 44 சதவீதம் பேர் நகரத்தில் இருந்தார்கள். 2011-ல் மக்கள் தொகை 7 கோடியே 21 லட்சம், அதில் நகரத்தில் 48 சதவீதத்துக்கு மேல். அதாவது ஏறக்குறைய பாதித் தமிழ்நாடு. இந்தியா முழுவதற்கும் அதே 2011-ல் 31 சதவீதம்தான். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படாமல் 2027-க்குத் தள்ளிப்போனது. கையில் புதுக் கணக்கே இல்லாமல்தான் பெரிய பெரிய திட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டப்படி ஊராட்சியாகவே இருக்கும், ஆனால் ஜனம் 5,000-க்கு மேல் இருக்கும், ஆண்களில் நூற்றுக்கு 75 பேர் விவசாயம் அல்லாத வேலை பார்ப்பார்கள், நெருக்கமும் சதுர கிலோமீட்டருக்கு 400 பேரைத் தாண்டியிருக்கும். இப்படிப்பட்ட ஊரைக் கணக்கெடுப்பில் நகரம் என்று எழுதிவிடுவார்கள். தமிழ்நாட்டில் 2001-ல் இப்படி 111 ஊர்கள் இருந்தன. 2011-ல் அது 376 ஆகிவிட்டது. ஆக, கிராமத்தை விட்டு ஜனம் நகரத்துக்குப் போவது மட்டுமல்ல, நகரமே நடந்து நம் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது.

இதற்கு நாம் எதிரியா? இல்லை. நம் பிள்ளைகளே இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். நம் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது தாம்பரத்தில், மகன் வாடகைக்கு இருப்பது அம்பத்தூரில். அவர்களுக்கு வீடு வேணும், குடிக்கத் தண்ணி வேணும், பஸ் வேணும், ஆஸ்பத்திரி வேணும். ஜனம் பெருகும்போது நகரம் திட்டம் போடாமல் இருக்க முடியாது. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தத் திட்டத்தை யார் போடுவது? யார் நிலத்தில் போடுவது? யார் தண்ணியை எடுத்துப் போடுவது?

ஏரி போன கதை

நம்முடைய பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். பெரிய ஆறு வருஷம் பூரா ஓடாத சீமை இது. அதனால்தான் நம் முன்னோர் ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரி, அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரி என்று சங்கிலி போல் வெட்டி வைத்தார்கள். அந்தத் தண்ணியில்தான் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பார்த்தோம்.

சென்னையும் அப்படிப்பட்ட ஏரிச் சீமைதான். இன்று துணிக்கடையும் நகைக்கடையுமாக இருக்கிற தியாகராய நகர், 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய ஊர். மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்த்த சாலை என்று ஆங்கிலப் பெயரோடு 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது. ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு பக்கம் குப்பை மலை, இன்னொரு பக்கம் கம்பெனிக் கட்டடம். மிச்சம் இருப்பதைத்தான் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலம் என்று ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள்.

விளைவு என்ன? 2015 டிசம்பரில் சென்னை தண்ணீரில் மிதந்தது. அடுத்த நாலாவது வருஷம், 2019 கோடையில், அதே சென்னைக்குக் குடிக்கத் தண்ணி இல்லை. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி கொண்டு வந்தார்கள். வெள்ளமும் அங்கேதான், வறட்சியும் அங்கேதான். தண்ணி தங்க இடம் இல்லாத ஊருக்கு மழை வந்தாலும் கஷ்டம், வராவிட்டாலும் கஷ்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வரப்பு கட்டிய வயலில் அரை அடி தண்ணி நின்றால், ஒரு ஏக்கரில் சுமார் 6 லட்சம் லிட்டர் நிற்கும். ஆயிரம் ஏக்கரில் 60 கோடி லிட்டர். இவ்வளவையும் நாம் சம்பளம் வாங்காமல் பிடித்து வைத்து, மெல்ல நிலத்தடிக்கு அனுப்புகிறோம். அந்த வயலை மண் கொட்டி மேடாக்கி மனை போட்டால், அந்த 60 கோடி லிட்டரும் கீழே இருக்கிற தெருவுக்குத்தான் போகும். வயலைக் காப்பாற்று என்று நாம் சொல்வது நமக்காக மட்டும் இல்லை, பட்டணத்து ஜனத்துக்காகவும்தான்.

தண்ணீர்க் கணக்கு

நகரத்துக்குத் தண்ணி எங்கிருந்து போகிறது? புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் எல்லாம் ஒரு காலத்தில் பாசன ஏரிகள். கிருஷ்ணா நீருக்கு 1983-ல் ஒப்பந்தம் போட்டு 1996-ல் தண்ணி வந்தது. 2004-ல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து குழாய் போட்டார்கள். அதுவும் போதாமல் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். லாரிக்காரருக்குத் தண்ணி விற்ற கிணற்றுக்காரருக்கு நாலு காசு கிடைத்திருக்கும், பக்கத்துக் கிணற்றுக்காரருக்கு என்ன கிடைத்தது? வற்றின கிணறுதான் கிடைத்தது.

அரசாங்க அளவுகோல்படி பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், பெருநகரத்தில் 150 லிட்டர். கிராமத்து வீட்டுக் குழாய்க்கு 55 லிட்டர். கிராமத்தான் கறவை மாட்டுக்கும் சேர்த்துத் தண்ணி காட்ட வேண்டியவன், அவனுக்கு 55! சரி, அதை விடுங்கள். புதிதாகப் பத்து லட்சம் பேர் நகரத்தில் சேர்ந்தால், ஆளுக்கு 135 என்று வைத்தாலும் ஒரு வருஷத்துக்கு ஒன்றே முக்கால் டி.எம்.சி. தண்ணி வேண்டும். ஒரு போகம் நெல்லுக்கு நாலு அடி தண்ணி என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய பத்தாயிரம் ஏக்கர் நெல்லுக்கான தண்ணி.

குடிக்கத் தண்ணி கொடுக்க மாட்டோம் என்று எந்த விவசாயியும் சொன்னது கிடையாது, சொல்லவும் மாட்டான். ஆனால் நகரத்துக்குப் போகிற தண்ணியில் நூற்றுக்கு 80 பங்கு சாக்கடையாகத் திரும்பி வருகிறது. அதைச் சுத்தம் செய்து தொழிற்சாலைக்குக் கொடுக்க முடியும். கொடுத்தும் காட்டியிருக்கிறார்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரைத் தினமும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். வழி இருக்கிறது. வழி இருக்கும்போது கம்பெனிக்கு ஏரித் தண்ணி எதற்கு? இதுதான் நம் கேள்வி.

வரைபடத்தில் நம் ஊர்

இப்போது திட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. அதன்படி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., உண்டானது. அதன் எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். 2008-ல் இரண்டாவது முழுமைத் திட்டம் வந்தது, 2026 வரைக்கும். மூன்றாவது முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரைக்கும். 2022 அக்டோபரில் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசாணை போட்டார்கள். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதியும் ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதியும் இந்தக் கோட்டுக்குள் வருகிறது.

கோட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? நாளைக்கே யாரும் நிலத்தைப் பிடுங்க மாட்டார்கள். பயப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் அடிப்பார்கள். குடியிருப்பு ஒரு நிறம், தொழிற்சாலை ஒரு நிறம், விவசாயம் ஒரு நிறம். உன் நஞ்சைக்கு என்ன நிறம் அடித்திருக்கிறது என்பது உனக்கே தெரியாது. வீட்டு மனை போடுகிற கம்பெனிக்கு முதலில் தெரியும். அவன் வந்து செண்ட் கணக்கில் வாங்குவான், சதுர அடிக் கணக்கில் விற்பான். ஒரு செண்ட் என்றால் 435 சதுர அடி என்பதை மறந்துவிடாதீர்கள். வயலுக்கு நடுவில் நாலு பிளாட் விழுந்தால் வாய்க்கால் தூர்ந்துவிடும். வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைக்காரன் நிலம் தரிசு. தரிசாகிவிட்டால் "விவசாயம் நடக்காத நிலம்தானே" என்று நிறத்தை மாற்றுவது சுலபம். இப்படித்தான் ஒருத்தன் விற்கிற நிலம் பத்துப் பேர் நிலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

2016 வரைக்கும் அனுமதி இல்லாத மனைப்பிரிவு எவ்வளவு பதிவானது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் பதிவு நின்றது. 2017-ல் பழையதை எல்லாம் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று விதி வந்தது. மனைக்கு வரன்முறை வந்தது. தூர்ந்த வாய்க்காலுக்கு எந்த வரன்முறையும் வரவில்லை.

ஊராட்சி போனால் என்ன போகும்?

2011-ல் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்கள். 2025 தொடக்கத்தில் 149 ஊராட்சிகளை 16 மாநகராட்சிகளோடு சேர்ப்பதாக அரசு அறிவித்தது. பல மாவட்டங்களில் ஜனம் தெருவுக்கு வந்து வேண்டாம் என்றார்கள். ஏன் வேண்டாம் என்றார்கள்? தெருவிளக்கும் குப்பை வண்டியும் வந்தால் நல்லதுதானே என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கிராமசபை போய்விடும். வருஷத்துக்கு ஆறு தடவை எல்லோரும் உட்கார்ந்து தீர்மானம் போடும் உரிமை நகராட்சியில் இல்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு 2022-ல் இடம் அறிவித்த பிறகு ஏகனாபுரம் மக்கள் கிராமசபையில்தானே தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள்? கிராமசபை இல்லாவிட்டால் அந்தக் குரலைப் பதிவேட்டில் ஏற்ற இடம் ஏது?

இரண்டாவது, நூறு நாள் வேலை. 2005-ல் வந்த சட்டத்தின் இடத்தில் 2025 கடைசியில் புதுச் சட்டம் வந்துவிட்டது. பெயரும் நாள் கணக்கும் எப்படி மாறினாலும் அது கிராமப்புறத்துக்கான வேலைதான். ஊர் நகராட்சியானால் நம் தாய்மார்களுக்கு அந்த வேலை இல்லை. வரி மட்டும் நகரத்து வரி.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. 2013 நிலம் எடுப்புச் சட்டப்படி, கிராமப்புற நிலம் என்றால் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கி, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்துத் தர வேண்டும். எத்தனை மடங்கு என்பதை மாநில அரசு முடிவு செய்யும். நகர்ப்புறம் என்றால் பெருக்கம் ஒன்றுதான். ஏக்கர் பத்து லட்சம் மதிப்பு என்று வையுங்கள். கிராமத்தில் இரண்டு மடங்கு என்றால் இருபது, ஆறுதல் தொகை இருபது, ஆக நாற்பது லட்சம். அதே நிலம் நகராட்சிக்குள் போய்விட்டால் பத்தும் பத்தும் இருபது லட்சம்! போர்டில் ஒரு எழுத்து மாற்றினால் பாதிப் பணம் போச்சு. விற்கிற எண்ணமே நமக்கு இல்லை, அது வேறு விஷயம். ஆனால் எடுக்கிறவன் எந்தக் கதவு வழியாக வருகிறான் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சட்டத்தில் நமக்குச் சாதகமான இடங்கள் உண்டு. சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். தனியார் திட்டம் என்றால் 80 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்தது என்றால் 70 சதவீதம். பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாகத்தான் தொட வேண்டும். மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் பாதிக்கப்பட்டவர் கணக்கில் வருவார்கள். ஆனால் தமிழ்நாடு அரசு 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தொழிலுக்கு எடுக்கும் 1997 சட்டம், நெடுஞ்சாலைக்கு எடுக்கும் 2001 சட்டம் இவற்றுக்கெல்லாம் விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-ல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள், 2021-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 2023-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று இன்னொன்று. நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால், நடுவில் ஏரி, ஓடை இருந்தாலும் ஒருங்கிணைக்கலாமாம். அதைச் சட்டமன்றத்தில் விவாதம் இல்லாமல் நிறைவேற்றினார்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் நிலத்து விஷயத்தில் பாதை ஒன்றாகத்தான் போகிறது. அதனால்தான் நம் சங்கம் கட்சி பார்க்காமல் பேசுகிறது.

விற்காதே என்று சொன்னால் போதுமா?

போதாது. கடனோடு இருக்கிறவனைப் பார்த்து "மண்ணை விற்காதே" என்று மேடையில் பேசுவது சுலபம். உழவு கூலி, நடவு கூலி, உரம், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் போக மிச்சம் என்ன என்று அவனுக்குத்தான் தெரியும். பெண் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அரை ஏக்கர் போகிறது. அவன் மேல் கோபப்பட்டுப் புண்ணியம் இல்லை. உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை கொடு என்று சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-லேயே சொல்லிவிட்டது. விவசாயம் கட்டுப்படியானால் யார் விற்பான்? நல்ல நகரத் திட்டத்துக்கு முதல் படி நெல்லுக்கு நல்ல விலைதான். இரண்டையும் பிரித்துப் பார்க்காதீர்கள்.

அதோடு, சென்னை ஒன்றையே ஊதிப் பெரிதாக்குவது ஒரு திட்டமா? நெரிசலைக் குறைக்கத்தான் மறைமலை நகர் உண்டாக்கினோம் என்றார்கள். இன்று மறைமலை நகரும் நெரிசல், அதைத் தாண்டியும் நெரிசல். வேலையும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் வட தமிழ்நாட்டுச் சிறு நகரங்களுக்குப் பரவினால் ஜனமும் பரவும். நகரத்துக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும் இடங்களை முதலில் எடுத்து வீடு கட்டட்டும். வேண்டிய இடத்தில் மாடி மேல் மாடி கட்டட்டும். அதற்குப் பிறகும் இடம் வேண்டுமென்றால் ஏரிப் பாசனம் இல்லாத மேட்டு நிலத்தைப் பார்க்கட்டும். ஆயக்கட்டு நஞ்சையில்தான் கை வைப்பேன் என்றால் எப்படி?

நாம் கேட்பது என்ன?

1. ஏரி, குளம், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், மேய்க்கால் புறம்போக்கு அனைத்தையும் புல வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, முழுமைத் திட்டத்தில் சர்வே எண்ணோடு குறிக்க வேண்டும்.

2. ஏரி ஆயக்கட்டு நஞ்சைகளை நிரந்தர விவசாய மண்டலமாக அறிவிக்க வேண்டும். காவிரி டெல்டாவுக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட முடிந்ததே, ஏரிப் பாசனத்துக்கு ஏன் முடியாது? அதைவிட வலுவாக, மனைப்பிரிவையும் தடுக்கும்படி போட வேண்டும்.

3. திட்ட வரைவைத் தமிழில் அச்சிட்டு, ஊர் வரைபடத்தோடு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். கிராமசபையில் வைத்துக் கருத்துக் கேட்காமல் இறுதி செய்யக் கூடாது.

4. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும், ஊராட்சித் தலைவர்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது. அந்தக் குழு கையில்தான் திட்டம் இருக்க வேண்டும், அதிகாரிகள் கையில் மட்டும் அல்ல.

5. கிராமசபை சம்மதம் இல்லாமல் எந்த ஊராட்சியையும் நகராட்சியோடு சேர்க்கக் கூடாது.

6. தொழிற்சாலைக்குச் சுத்திகரித்த கழிவுநீர்தான். பாசன ஏரியில் குழாய் போடக் கூடாது. நகரத்துச் சாக்கடையையும் குப்பையையும் நம் ஏரிக்குள் விடக் கூடாது.

7. எந்தச் சட்டத்தில் நிலம் எடுத்தாலும் சமூகத் தாக்க மதிப்பீடும் சம்மதமும் கட்டாயம். குத்தகைதாரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் பங்கு உண்டு.

நாம் செய்ய வேண்டியது என்ன?

ஊருக்கு ஐந்து பேர் கொண்ட குழு போடுங்கள். அதில் இரண்டு பேராவது பெண்கள் இருக்கட்டும். ஏரி எத்தனை ஏக்கர், மதகு எத்தனை, கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று நீர்க்கட்டியையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய் நடந்து பார்த்து எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் நிலத்தின் பயிர் அடங்கலில் ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். பயிர் வைத்திருக்கும்போதே தரிசு என்று எழுதினால் அது நாளைக்கு நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். குத்தகைக்கு உழுகிறவர்கள் பெயரும் எங்கேயாவது பதிவாகட்டும். ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அடுத்த கிராமசபையில் ஏரியையும் நஞ்சையையும் காக்கும் தீர்மானத்தைப் போட்டு, நகலைச் சங்க அலுவலகத்தில் சேருங்கள்.

புரோக்கர் வந்து ஒருத்தனிடம் மட்டும் தனியாகப் பேசுவான். "பக்கத்து நிலத்துக்காரர் கொடுத்துட்டார், நீங்கதான் பாக்கி" என்பான். பக்கத்து நிலத்துக்காரரிடமும் இதையேதான் சொல்லியிருப்பான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். பேச்சு எதுவானாலும் ஊர்ப் பொதுவில் பேசுவது என்று முடிவெடுங்கள். பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்தக் கோரிக்கைகளை வைத்து வட்டாட்சியர் அலுவலகம் முன்பு தர்ணா நடக்கும். நாளும் நேரமும் தனி நோட்டீசில் வரும். குடும்பத்தோடு வாருங்கள். நகரத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகளையும் லீவு போட்டுக் கூட்டி வாருங்கள். குடிக்கிற தண்ணியும் சாப்பிடுகிற சோறும் எங்கிருந்து வருகிறது என்று அவர்களும் சேர்ந்து சொல்லட்டும்.

வரைபடம் இன்னும் நம் கண்ணில் படவில்லை. அதில் மை காய்வதற்கு முன்னால் நம் ஏரியின் பெயரை அதில் எழுத வைப்போம்.

ஏரியைக் காப்போம்! நஞ்சையைக் காப்போம்!
நம்மைக் கேட்காமல் போடும் திட்டத்தை ஏற்க மாட்டோம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!